நினைத்தவுடன் பிறக்கும் பாட்டு

எழுதி வைத்த கவிதையைப் படிப்பது ஒரு வகை. வாய் திறக்கும்போதே ஆக்கிப் பாடுவது மற்றொரு வகை. பின்னதைச் சொன்னால் நம் மாணவர்கள் அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையையே நினைக்கின்றனர். தோட்டங்களிலே அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் வேலைப் பாட்டுக்களும் அவ்விசையின் வேர்களுள் அடங்கும். 1958ஆம் ஆண்டிலே கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தம் கவிதைகளைப் பேச்சாகவே சொல்ல, சார்ல்ஸ் மிங்கஸ் முதலியோர் ஜாஸ் வாசிக்க, அஃது இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யப்பட்டது.

இத்தகைய கலையைத் தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே இழவு வீட்டுக்குச் சென்றவர்கள் அதனைக் கேட்டிருப்பார்கள். அதுவே ஒப்பாரி.

ஒப்பாரியின் மெட்டு பொதுவானது. உவமைகள் பலவும் வழிவழி வந்தவை. ஆனால் இறந்தவரின் உறவும் வாழ்வும் அந்த நேரத்திலேதான் பாட்டில் ஏறுகின்றன. ஒருவனையே தாய் அழும் பாட்டு வேறு, தாரம் அழும் பாட்டு வேறு. பாதி பேச்சு, பாதி இசை, அழுகையே தாளம். உயிரோடிருந்த அண்ணனிடம் சொல்ல இயலாத குறையையும் தங்கை அங்கே சொல்லிவிடுவாள். எழுதப் படிக்க வாய்ப்பின்றிக் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களுக்குத் தம் வழக்கை எடுத்துரைக்க இஃதொரு மன்றமாயிற்று. மாசி மாதத்துக் காமன் கூத்திலே, கணவன் எரிந்தபின் ரதி புலம்பும் இடத்திலும் இந்தக் குரலையே கேட்கிறோம்.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அத்தொண்டு பெரிது. எனினும், நூல் காப்பது பாடி முடிந்த பாட்டை. அடுத்த அடியைப் படைக்கும் ஆற்றல் பாட்டிமாரின் நாவில் இருக்கிறது. பேத்தியரோ கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். ஊரில் இருப்போரிற் சிலர் ஒப்பாரியை நாகரிகமற்றதென்று கூசுகின்றனர். அடிமைகளின் பாட்டில் வேர்கொண்ட ஜாஸையோ மேனாட்டார் பல்கலைக்கழகங்களிலே பாடமாக வைத்திருக்கின்றனர்!

இதனைக் கற்பதிலே ஓர் இடர் உண்டு. சாவு நிகழாத வீட்டிலே ஒப்பாரி பாடுவது ஆகாதென்று பெரியோர் மறுப்பார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஒப்பாரிக்குத் தங்கை முறையானது தாலாட்டு. மாமன் சீரையும் அத்தை அன்பையும் அழும் பிள்ளையின் பெயரையும் கோத்து, நின்ற இடத்திலேயே அடி புனையும் திறன் இரண்டிற்கும் ஒன்றே. அதைப் பாடுவதற்குத் தடையில்லை.

ஆகவே மாணவியரே, லயத்துத் தொட்டிலருகே அமர்ந்து பாட்டியின் தாலாட்டைக் கேளுங்கள். கேட்டதை ஏட்டில் எழுதுவதோடு நின்றுவிடாமல், அடுத்த அடியை நீங்களே சொல்லிப் பாருங்கள். பிழைபட்டாற் பாட்டி திருத்துவாள். அவள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.