பிளேடின் வளைவு தருவதும் பறிப்பதும்

1993 ஜூன் 3. மாண்ட்ரியலில் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தை வென்றிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி, இதிலும் 2-1 என முன்னிலையில் இருந்தது. முடிய இரண்டு நிமிடங்கூட இல்லை. அந்த நேரத்தில் மாண்ட்ரியல் அணியின் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ், எதிரணியின் மார்ட்டி மக்சோர்லி கையிலிருந்த மட்டையை அளந்து பார்க்கும்படி நடுவரிடம் கேட்டார். அளந்தார்கள். மட்டையின் கீழ்முனையில் உள்ள பிளேடின் வளைவு, விதி அனுமதித்த அரை அங்குலத்தைத் தாண்டியிருந்தது. மக்சோர்லிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. டெமர்ஸ் தன் கோல்கீப்பரையும் வெளியே அழைத்துக்கொண்டு கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கினார். எரிக் டெஜார்டின் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் அவருடையதுதான். தொடரை மாண்ட்ரியல் 4-1 என வென்றது.

பிடிபட்டால் ஆட்டமே கைநழுவும் என்று தெரிந்தும் ஒருவர் ஏன் அப்படியொரு மட்டையை வைத்திருக்க வேண்டும்? சில மில்லிமீட்டர் வளைவு அப்படி என்னதான் தருகிறது?

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் கொண்ட ரப்பர் வட்டு, பெயர் பக். எடை 156 முதல் 170 கிராம் வரை. சுழலாமல் பறந்தால் இந்த வட்டு காற்றில் தள்ளாடும். வேகம் குறையும், குறி தவறும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல, தன் அச்சில் வேகமாகச் சுழலும் பக் தட்டையாகவே பறக்கும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது பிளேடு.

ரிஸ்ட் ஷாட் எனப்படும் மணிக்கட்டு அடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பக் முதலில் பிளேடின் குதிப்பகுதியில், அதாவது கைப்பிடித் தண்டு வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் மட்டையை முன்னோக்கி வீசும்போது பக் பிளேடின் முகத்தை உரசியபடியே நுனியை நோக்கி ஓடுகிறது. அந்த உரசல்தான் அதைச் சுழற்றிவிடுகிறது. மட்டை வில்போல வட்டமாக வீசப்படுவதால், தட்டையான பிளேடில் பக் நுனி வழியே வழுக்கி வெளியேறப் பார்க்கும். வளைந்த பிளேடு கடைசிக் கணம்வரை அதை அணைத்துப் பிடித்திருக்கும். விடுபடும் இடமும் நேரமும் ஆட்டக்காரரின் கட்டுக்குள் வருகின்றன.

இதோடு இன்னொன்றும் உண்டு: பிளேடின் முகம் எவ்வளவு வானம் பார்த்திருக்கிறது என்பது. கோல் கம்பத்தின் உயரம் 4 அடி, ஏறக்குறைய 1.2 மீட்டர். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து அதன் மேல்மூலையைக் குறிவைத்தால் பக் சுமார் 22 டிகிரி கோணத்தில் எழும்ப வேண்டும். ஆடுகளத்தைக் குறுக்கே பிரிக்கும் நீலக்கோட்டுக்கு அருகே, 19 மீட்டர் தள்ளி நின்று மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பவருக்கு, புவியீர்ப்பு இழுப்பதையும் கணக்கில் சேர்த்தால்கூட 8 டிகிரி போதும். கணக்கு எளிதுதான், ஆனால் மட்டைத் தேர்வின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

கோலுக்கு முன்னால் நெரிசலில் நின்று, கிடைத்த அரைக்கணத்தில் பக்கை மேலே தூக்கிப் போடுகிறவருக்கு நுனியில் வளைந்து முகம் திறந்த பிளேடு பொருந்தும். மட்டை தயாரிக்கும் பாவர் நிறுவனத்தின் எண்களில் சொன்னால் பி28. பக்கை நுனியால் தன் பக்கம் இழுத்து அதே வீச்சில் விட்டுவிடலாம். பின்னால் நின்று ஸ்லாப் ஷாட் அடிக்கும் தற்காப்பு ஆட்டக்காரரின் நிலை வேறு. அவர் ஓங்கி அடிக்கும்போது பிளேடு பக்கைத் தொடுவதற்குச் சற்று முன்பே பனியில் மோதுகிறது. தண்டு வளைந்து, நிமிரும்போது அந்த விசையைப் பக்கிடம் சேர்க்கிறது. ஸ்டெனோ சாரா 2012இல் நட்சத்திர ஆட்டக்காரர்களின் திறன் போட்டியில் மணிக்கு 108.8 மைல் வேகத்தை எட்டியது இந்த அடியில்தான். இங்கே பக் நுனிக்கு வருவதே இல்லை. முகம் அதிகம் திறந்திருந்தால் அது கம்பத்துக்கு மேலே போய்விடும். இவருக்குக் குதியிலிருந்தோ நடுவிலிருந்தோ தொடங்கும் சீரான வளைவு நல்லது. இரண்டுக்கும் இடையில் நடுவளைவுள்ள பி88, அதைவிட முகம் திறந்த பி92 ஆகியவை இருக்கின்றன. கடைகளில் அதிகம் விற்பது பி92 வகைதான்.

வளைந்த பிளேடு 1960களில்தான் பரவலானது. அதுவரை பிளேடு தட்டை. சிகாகோ அணியின் ஸ்டான் மிகிட்டா பயிற்சியின்போது மட்டை முறிந்து வளைந்துபோன எரிச்சலில் பக்கை ஓங்கி அடித்தார் என்றும், அது பறந்த விதம் அவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது என்றும் சொல்வார்கள். அவரும் சக ஆட்டக்காரர் பாபி ஹல்லும் பிளேடுகளை வெந்நீரில் ஊறவைத்து, கதவிடுக்கில் செருகி வளைத்தார்கள். நியூயார்க் அணியின் ஆண்டி பேத்கேட்டோ, முதலில் வளைத்தவன் நானே என்றார். யார் முதல் என்பதைவிட, அதன்பின் நடந்தது முக்கியம். 1965-66 பருவத்தில் ஹல் 54 கோல்கள் அடித்தார். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஒரு பருவத்தில் 50 கோல்களைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். கோல்கீப்பர்களின் முகங்களுக்கு ஆபத்து கூடியது. லீக் வளைவுக்கு வரம்பு போட்டது. அது 1970இல் அரை அங்குலமாகச் சுருங்கி, 2006இல் முக்கால் அங்குலமாகத் தளர்ந்தது. பிளேடின் குதிக்கும் நுனிக்கும் இடையே ஒரு நேர்கோடு இழுத்தால், அதிலிருந்து வளைவின் மிக ஆழமான புள்ளிவரை உள்ள தூரம்தான் அளவு.

வளைவு கேட்கும் விலையும் உண்டு. நமக்குப் பழக்கமான புல்தரை ஹாக்கியில் மட்டையின் தட்டையான ஒரு முகத்தாலும் அதன் விளிம்புகளாலும் மட்டுமே பந்தைத் தொடலாம். ஐஸ் ஹாக்கியில் இரண்டு முகங்களும் ஆட்டத்துக்கு உரியவை. முன்பக்கம் குழியானால் பின்பக்கம் புடைத்துக்கொள்ளும். புடைத்த முகத்தில் பக் நிற்காது, எந்தத் திசையிலும் நழுவும். ஒரு காலத்தில் கோல்கீப்பர்களை நடுங்கவைத்த, பின்முகத்தால் அடிக்கும் பேக்ஹேண்ட் அடி அருகிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்று பேக்ஹேண்ட் என்றால் எல்லாரும் சொல்லும் பெயர் சிட்னி கிராஸ்பி. அவருடைய பிளேடில் வளைவு மிகக் குறைவு. இந்தக் கலை மீண்டும் தழைக்க வேண்டும் என்பது என் ஆசை. முன்பக்க அடியின் வேகத்தை மட்டுமே பார்த்து மட்டை வாங்குகிறவர்கள் தங்கள் ஆட்டத்தில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

வளைவைக் குறைசொல்லும் முன் பிளேடின் அடியில் சுற்றிய டேப்பையும் பாருங்கள். தேய்மானம் குதிப்பக்கம் மட்டும் இருந்தால் நுனி பனியைத் தொடவில்லை. தண்டுக்கும் பிளேடுக்கும் இடையிலான சாய்வைக் குறிக்கும் லை எண்ணில் ஒன்று குறைத்து வாங்க வேண்டும். நுனிப்பக்கம் தேய்ந்திருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். அடி குறி தவறுவதற்கு வளைவு பழி சுமக்கும் பல நேரங்களில் உண்மையான காரணம் இந்தச் சாய்வுதான்.

புதிதாகத் தொடங்குபவர் பி88 போன்ற மிதமான நடுவளைவில் தொடங்குவதே நல்லது. ரிஸ்ட் ஷாட்டையும் பேக்ஹேண்டையும் சம அளவில் பழகுங்கள். எங்கிருந்து எப்படி அடிக்கிறோம் என்பது பிடிபட்ட பிறகு நுனிவளைவுக்கோ குதிவளைவுக்கோ மாறிக்கொள்ளலாம்.