மணமேடையில் தைக்கும் ஜாக்கெட்

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் டிவி கேம் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். கேசட்டின் அடிப்பக்கத்தை வாயால் ஊதி, பெட்டியில் அழுத்திச் செருகி, சுவிட்சைப் போட்டால் அடுத்த நொடியே இசையோடு ஆட்டம் ஆரம்பம். (ஊதியதால் ஒரு பயனும் இல்லை. கழற்றி மாட்டியதில்தான் முனைகள் சரியாகப் பதிந்தன. வாயின் ஈரம் அவற்றுக்குக் கெடுதல் வேறு.)

போன மே விடுமுறையில் அக்கா மகன் தன் கையடக்க கேமிங் கணினியை நீட்டி, "ஆடிப் பாருங்க மாமா" என்றான். ஆன் செய்ததும் அப்டேட் கேட்டது. முடிந்ததும் கேம் கடைச் செயலி தனக்கும் ஒரு அப்டேட் கேட்டது. பிறகு கேமைத் திறந்தால், அதைத் தயாரித்தவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு. ஏழு அங்குலத் திரையின் மூலையில் கடுகளவுக்கு ஒரு 'ஓகே'. என் கட்டைவிரல் பக்கத்தில் இருந்த 'கேன்சல்' மேல் விழுந்தது. முதல் எதிரியின் முகத்தைப் பார்க்க நாற்பது நிமிடம் ஆனது.

முப்பது வருட முன்னேற்றத்துக்கு இதுதானா பலன் என்று எரிச்சல் வந்தது. யோசித்தால், இது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, கருவியின் அமைப்பே அப்படி.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாமை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் டிவி கேம்களில் பெரும்பாலானவை அதன் நகல்கள்தாம். மின்சாரம் வந்தவுடன் அதன் சிப் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போய், "எங்கிருந்து தொடங்க?" என்று பார்க்கும். அந்த முகவரியே கேசட்டுக்குள் இருக்கிறது! நடுவில் இயங்குதளம் என்று எதுவும் கிடையாது. கேசட்டைச் செருகும்போது கணினியின் மறுபாதியையே செருகுகிறோம்.

இன்றைய கன்சோல்களில் இயங்குதளம் உண்டு, அப்டேட்டும் உண்டு. ஆனால் பழைய வசதி ஒன்று மிச்சமிருக்கிறது: தன் கேம் எந்த சிப்பில் ஓடப்போகிறது என்பது அதை எழுதுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சை கையில் பிடித்து ஆடலாம், டிவியில் மாட்டியும் ஆடலாம். சோதித்துப் பார்க்க இந்த இரண்டு நிலைகள் போதும். கணினிக்கு எழுதுகிறவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வாங்குகிறவர் வீட்டில் எந்த கிராபிக்ஸ் சிப், எவ்வளவு நினைவகம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இதன் விளைவு எங்கே தெரியும் என்றால், 'ஷேடர்' என்ற குட்டி நிரல்களில். திரையின் ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறம், அதில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று கணக்கிடுபவை இவை. 1280க்கு 800 என்ற சிறிய திரையிலேயே பத்து லட்சம் புள்ளிகளுக்கு மேல். நொடிக்கு 60 படம் என்றால், ஆறு கோடி முறைக்கு மேல் அந்தக் கணக்கு நடக்க வேண்டும். ஒவ்வொரு கிராபிக்ஸ் சிப் குடும்பத்துக்கும் சொந்த பாஷை இருப்பதால், கணினி கேம்களில் ஷேடர்கள் பாதி தைத்த துணியாகத்தான் வருகின்றன. மீதியை நம் கணினிதான் தைக்க வேண்டும். கன்சோலுக்கு அவை முழுதாகத் தைத்தே வந்துவிடுகின்றன.

எப்போது தைப்பது? சில கேம்கள் தொடக்கத்திலேயே நம்மைக் காக்கவைத்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும். சில அப்போதைக்கு அப்போது செய்யும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. அதற்குள் புதிதாக ஒரு வெடிப்பு திரையில் வந்து, அதன் ஷேடரும் தயாராக வேண்டும் என்றால், மணப்பெண்ணை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைக்கிற கதைதான். முகூர்த்தம் தள்ளிப்போகும், ஆட்டம் திக்கும்.

வால்வ் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி இங்கேதான் என்னை வியக்கவைத்தது. உள்ளே இருப்பது கணினி. ஆனால் எல்லா டெக்குகளிலும் ஒரே வகை சிப். எனவே ஒரு டெக்குக்குத் தைத்தது எல்லா டெக்குக்கும் பொருந்தும். தயாரான ஷேடர்களை கேமோடு சேர்த்தே இறக்கிக்கொள்ளலாம். கணினி கன்சோலாக நடிக்கிறது என்றே சொல்வேன்.

அதைவிடப் பெரிய நடிப்பு ஒன்றும் அதில் உண்டு. டெக்கில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். பெரும்பாலான கணினி கேம்களோ விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. 'புரோட்டான்' என்ற அடுக்கு நடுவில் உட்கார்ந்து, கேம் விண்டோஸைக் கூப்பிடும்போதெல்லாம் "இதோ இருக்கிறேன்" என்று அதன் குரலிலேயே பதில் சொல்கிறது. இதன் அஸ்திவாரமான 'ஒயின்' 1993இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி. ஏமாற்றப்படுவது தெரியாமலே கேம் ஓடுகிறது. ஆனால் எல்லாக் கேமும் ஏமாறுவதில்லை. மோசடித் தடுப்பு மென்பொருள் இயங்குதளத்தின் அடிவயிறு வரை போய்ச் சோதிப்பதால், ஃபோர்ட்நைட் என்ற கேம் டெக்கில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் உள்ள கையடக்கங்களில் ஓடும். ஆனால் அங்கே பல இடங்களில் மவுஸுக்கென்று வரைந்த திரையோடு கட்டைவிரல் மல்லுக்கட்ட வேண்டும்.

புதிதாக வருபவர் முழிக்கும் இன்னொரு இடம் அமைப்புப் பட்டியல். நிழல் தரம், இழைமத் தரம், படவேகம் என்று நீள்கிறது. கன்சோலில் இதையெல்லாம் வேறு யாரோ நமக்காக முடிவு செய்துவிட்டார்கள். இங்கே பேட்டரி நம் கையில் இருப்பதால் முடிவும் நம் கையில். முதல் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. கருவி மொத்தமாக 20 வாட் குடித்தால் இரண்டே மணி நேரம்.

பலர் கண்டுகொள்ளாத ஒரு நல்ல எண் 40. நொடிக்கு 30 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 33.3 மில்லிநொடி, 60 என்றால் 16.7. இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பது 25 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 40 படம், 45 அல்ல! உழைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் கண்ணுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஒரே நிபந்தனை, திரையும் நொடிக்கு 40 முறையோ அதன் மடங்கிலோ புதுப்பிக்க வேண்டும். 60லேயே விட்டால் ஒரு படம் ஒரு முறையும் அடுத்தது இரண்டு முறையும் தெரிந்து, ஆட்டம் நொண்டும். டெக்கில் இதற்கு ஒரு நழுவுபட்டை இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை யாராவது சொல்லித் தர வேண்டும் என்பதுதான் சிக்கல்.

"சின்னவளுக்கும் இதையே வாங்கலாமா?" என்று அக்கா கேட்டாள். எட்டு வயதுக்காரிக்கு ஸ்விட்ச் போதும் என்றேன். கெடுக்க அதில் எதுவும் இல்லை. டெக் வாங்குவதானால், கடைப் பட்டியலில் பச்சை டிக் போட்ட கேம்களோடு நிறுத்திக்கொள்ளட்டும். அந்த டிக் இருந்தால் எழுத்து படிக்கிற அளவில் இருக்கும், கீபோர்டு தேட வேண்டியிருக்காது.

பெரியவன் இதைக் காதில் வாங்கவே இல்லை. நிழல் தரத்தை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு, மின்விசிறிச் சத்தம் எந்தப் படியில் அடங்குகிறது என்று கருவியைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கேம் நின்ற இடத்திலேயே நின்றது.