நாய்க்குட்டிக்கும் பூச்சி மருந்து வேண்டும்

பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுக்க மறக்காத நாம், அவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சும் நாய்க்குட்டியை மறந்து விடுகின்றோம்.

வீடுகளைத் தரிசிக்கச் செல்லும்போது, வயிறு ஊதி உடல் மெலிந்த குட்டிகளை அடிக்கடி காண்கின்றேன். “நல்லாச் சாப்பிடுது, ஆனால் தேறுதில்லை” என்பார்கள் தாய்மார். பெரும்பாலும் இதற்குக் காரணம் குடற்புழுக்களே.

வட்டப்புழு, தாய் நாயின் கருப்பையிலேயே குட்டியைத் தொற்றிக் கொள்கின்றது. பாலின் வழியாகவும் தொற்றுகின்றது. ஆகவே, சுத்தமாக வளர்க்கும் வீட்டுக் குட்டிக்கும் பூச்சி இருக்கும். மலத்துடன் வெளியேறும் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்த பின்னரே தொற்றும். பின்னர் வருடக்கணக்கில் அழியாதிருக்கும். மண் அளைந்த கையைப் பிள்ளை வாயில் வைத்தால், முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் ஈரல், நுரையீரல், சிலவேளை கண் வரை சென்று பார்வையையே பாதிக்கலாம்.

கொளுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். அதன் குடம்பிகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து மனிதருக்குள்ளும் புகும். இதில் ஒரு வகைக்கு எமது நாட்டின் பெயரே உண்டு. 1911இல் விபரிக்கப்பட்ட ‘அன்சைலொஸ்டோமா சிலனிக்கம்’ என்னும் அப்புழு, நாய், பூனையில் மட்டுமன்றி மனிதக் குடலிலும் முழுமையாக வளரக்கூடியது.

நாம் செய்ய வேண்டியவை:

• குட்டிக்கு இரண்டு வாரமானதும் பூச்சி மருந்தைத் தொடங்குங்கள். எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கொரு தடவை, ஆறு மாதம் வரை மாதமொரு தடவை, அதன்பின் மூன்று மாதத்துக்கொரு தடவை கொடுப்பது நல்லது. தாய் நாய்க்கும் கொடுக்க வேண்டும்.

• மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. மிருக வைத்தியரைக் கேட்டே கொடுங்கள். மனிதரின் குளிசையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

• மலத்தை அன்றன்றே அள்ளி, கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தொலைவில் ஆழமாகப் புதையுங்கள்.

• வீடு கட்டக் குவித்த மணலை மூடி வையுங்கள். பூனைகள் மலங்கழிக்கும் அந்த மணலில்தான் பிள்ளைகளும் விளையாடுவார்கள்.

• வளவில் இறங்கும்போது செருப்பு, சாப்பிட முன் சவர்க்காரமிட்டுக் கைகழுவல் ஆகியவற்றைப் பழக்கமாக்குங்கள்.

பூச்சிக்குப் பயந்து குட்டியைச் சந்தையடியில் விட்டு வருவோரும் உண்டு. அது தீர்வல்ல. அக்குட்டி வேறொரு முற்றத்தில் மலங்கழிக்கும். அங்கும் ஒரு பிள்ளை மண்ணில் விளையாடிக் கொண்டிருக்கும். குட்டியை வைத்துக்கொண்டு மருந்தைக் கொடுப்பதே இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.