ஒட்டவும் வேண்டும், ஒட்டவும் கூடாது

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது. ஆனால் அதை அலுமினா என்ற செராமிக்கால் ஆன தட்டின்மேல் ஊற்றினால் பரவாது. தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு நிற்கும். துளியின் விளிம்பு தட்டைத் தொடும் இடத்தில் உள்ள கோணம் 90 டிகிரியைத் தாண்டினால், உலோகம் அந்தப் பரப்பை நனைக்கவில்லை என்று பொருள்.

இதற்கு முக்கியக் காரணம் ஒரு மெல்லிய தோல். காற்று பட்டதுமே அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படர்கிறது. அந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஆகவே உள்ளே திரவம், வெளியே திட உறை. செராமிக்கைத் தொடுவது உலோகமல்ல, அந்த உறைதான். வெற்றிடத்தில் சுமார் 900 டிகிரியைத் தாண்டும்போதுதான் உறை சிதைந்து கோணம் இறங்குகிறது.

வார்ப்படத் தொழிலுக்கு இந்த ஒட்டாத குணம் வரம். உலோகம் உலைச் சுவருக்குள் ஊறினால் செங்கல் அரித்துப்போகும். அதனால்தான் கரண்டிகளுக்கும் அச்சுகளுக்கும் போரான் நைட்ரைடு பூசுகிறார்கள். உலைச் செங்கல்லிலும் இதற்காகவே பேரியம் சல்பேட் கலக்கிறார்கள்.

உலோகத்தையும் செராமிக்கையும் இணைத்துக் கூட்டுப்பொருள் செய்பவருக்கோ இதே குணம் தலைவலி.

1983இல் டொயோட்டா, டீசல் என்ஜின் பிஸ்டனில் ரிங் அமரும் பள்ளத்தைச் செராமிக் இழைகளால் வலுப்படுத்தியது. இழைகளுக்குள் தானாகப் புகாத அலுமினியத்தை உயர் அழுத்தத்தில் திணித்துத்தான் அந்த பிஸ்டன் வார்க்கப்பட்டது. அமெரிக்காவின் லாங்க்சைடு நிறுவனம் வேறு வழி கண்டது. மெக்னீசியம் கலந்த அலுமினியத்தை நைட்ரஜன் சூழலில் உருக்கியபோது, அழுத்தமே இல்லாமல் அது செராமிக் துகள்களுக்கிடையே ஊடுருவியது. மெக்னீசியம் அந்த ஆக்சைடு உறையைக் குலைக்கிறது, பரப்பு இழுவிசையையும் தணிக்கிறது.

சிலிக்கன் கார்பைடு என்ற செராமிக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. நன்றாக நனையட்டும் என்று வெப்பத்தைக் கூட்டினால், அலுமினியம் அதோடு வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகிறது. ஈரம் பட்டால் இது மீத்தேனை வெளிவிட்டுச் சிதையும். பாகமும் நாளடைவில் வலுவிழக்கும். உலோகக்கலவையில் முன்கூட்டியே 9 சதவீத அளவில் சிலிக்கன் சேர்த்தால் இந்த வினை பெரிதும் அடங்குகிறது.

எனவே வலிமையை மட்டும் பார்த்து உலோகத்தையும் செராமிக்கையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பது தவறான தொடக்கம். கலவை, வெப்பநிலை, உலையின் வாயுச்சூழல் மூன்றையும் அந்தச் செராமிக்கோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும்.