கழுத்தின் குற்றத்துக்கு இருதயம் சாட்சி

இங்கிலாந்தின் பாத் நகரில் வைத்தியம் செய்துவந்த கேலப் பாரி என்பவர், 1786-ஆம் ஆண்டில் 37 வயதுப் பெண்மணி ஒருத்தியைப் பரிசோதித்தபோது, இருதயம் துடிக்குந்தோறும் அவள் உடலே அதிர்வதையும், கண்கள் பிதுங்கி நிற்பதையும், தொண்டையின் முன்புறத்தில் கழலை பருத்திருப்பதையும் கண்டு, இவற்றினிடையே ஏதோ சம்பந்தம் உண்டென்று குறித்து வைத்தார். அவர் காலமான பின்னர், 1825-இல்தான் அக்குறிப்பு அச்சேறிற்று. பத்தாண்டு கழித்து இதே நோயை விவரித்த டப்ளின் வைத்தியர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது; முந்திக் கண்டவருக்குப் புகழ் கிட்டாமற்போவது சாஸ்திர உலகில் புதிதன்று. இவ்விருவரும் நெஞ்சின் படபடப்பைத் தொடர்ந்து சென்றே கழுத்தை அடைந்தனர் என்பதுதான் நமக்கு முக்கியம்.

குரல்வளையின் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமர்ந்திருக்கும் தைராய்டு சுரப்பி, உணவிலுள்ள அயோடினைக் கொண்டு ஆக்கும் ஹார்மோன், இரத்தத்தோடு கலந்து இருதயத் தசையின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து, அது எவ்வளவு விரைவாகச் சுருங்கி விரியவேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அந்த ஹார்மோன் மிகுந்துவிட்டாலோ உறக்கத்திலும் நாடி தணிவதில்லை. சிலருக்கு இருதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்க, அங்கே தேங்கி உறையும் இரத்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிப்பதும் உண்டு. முதியவர்களிடம் கழலையோ பிதுங்கிய கண்களோ இன்றி, ஒழுங்கற்ற நாடி ஒன்றே அடையாளமாக நிற்கலாமாதலால், அத்தகைய நாடியைக் காணும் வைத்தியர் தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனையையும் செய்விக்கிறார்.

சுரப்பு குன்றுவதோ சந்தடியற்ற வியாதி. நாடி மந்தமாகும், உடல் கனக்கும், குளிர் பொறுக்காது, வயதின் கோளாறென்றே வீட்டார் எண்ணுவர். இதற்குள், தீய கொழுப்பை இரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் ஈரலின் வாயில்கள் குறைந்துவிடுவதால், அக்கொழுப்பு பெருகி இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழி கோலுகிறது. இந்நோயால் வீங்கித் தளர்ந்த இருதயம், தைராய்டு மருந்து கொடுத்தபின் சுருங்கிப் பழைய அளவுக்கு மீண்டதை ஹெர்மன் ஸோண்டெக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1918-இல் எழுதினார். இருதயத்துக்கென்று தனி மருந்தே வேண்டியிராத இருதய நோய்! ஆயினும் அம்மருந்தை அவசரப்பட்டுக் கொடுத்தல் ஆகாது. நெடுநாள் மந்தகதியில் பழகிய இருதயம், அதிலும் குழாய்கள் அடைபட்ட முதியவரின் இருதயம், திடீரென முடுக்கப்பட்டால் பிராணவாயு போதாமல் நெஞ்சுவலி காணுமாகையால், சொற்ப அளவில் தொடங்கிப் படிப்படியாகவே உயர்த்துவர்.

1933-இல் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள், இம்மந்தகதியையே சிகிச்சையாக்கி, நோயுற்ற இருதயத்தின் சுமை குறையட்டும் என்று, யாதொரு பழுதுமற்ற தைராய்டு சுரப்பியையே அறுத்தெடுத்தார்கள். இன்று கேட்க விபரீதமாகத் தோன்றும் அச்சிகிச்சை பின்னர் கைவிடப்பட்டது.

தைராய்டுக்கும் இருதயத்துக்கும் உள்ள இவ்வுறவு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். தாறுமாறான துடிப்பை அடக்க வழங்கும் அமியோடரோன் என்னும் மருந்தின் 200 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் அடங்கியிருக்கிறது. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதோ 150 மைக்ரோகிராமே. இவ்வெள்ளத்தில் சிலருடைய சுரப்பி அடங்கிப்போகும், சிலருடையது பொங்கும். ஆகவே அம்மாத்திரையை எழுதும் இருதய வைத்தியர், முதலிலும் பின்னர் ஆறு மாதத்துக்கொரு முறையும், நோயாளியின் தைராய்டைச் சோதிக்கச் சொல்கிறார்.