கடனுதவியின் பயனை அளப்பது எப்படி?

அணை கட்டவும் சாலை அமைக்கவும் பெருந்தொகை தேவைப்படுகிறது. வளரும் நாடுகள் பல, இத்தொகையை உலக வங்கி, ஆப்பிரிக்க மேம்பாட்டு வங்கி போன்றவற்றிடமிருந்து பெறுகின்றன. இவ்வுதவியில் பெரும்பகுதி நன்கொடையன்று, கடனாகும். அதை அடைப்பது மக்களின் வரிப்பணமே. எனவே, செலவழித்த பணம் யாருக்கு, எந்த அளவிற்குப் பயன்பட்டது என்பதை மதிப்பிட வேண்டியுள்ளது.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. கெடா, பெர்லிஸ் சமவெளி மலேசியாவின் நெற்களஞ்சியம் எனப்படுகிறது. 1960-களில் அங்குப் பெரும்பாலான விவசாயிகள் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே பயிரிட்டனர். 1965-ஆம் ஆண்டில் உலக வங்கி, மூடா நீர்ப்பாசனத் திட்டத்திற்கு 45 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. மூடா, பெடு அணைகள் எழுந்தன, கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1970 முதல், ஏறத்தாழ 96,000 ஹெக்டர் பரப்பைக் கொண்ட அப்பகுதியில் இரண்டாம் போகச் சாகுபடி படிப்படியாகப் பரவியது.

விளைச்சலை மட்டும் அளந்தால் இது தெளிவான வெற்றி. பின்னர், பொருளியல் அறிஞர்கள் வயலுக்கு வெளியேயும் பார்த்தனர். திட்டத்தால் நேரடியாகக் கிடைத்த ஒவ்வொரு டாலர் வருமானத்திற்கும், அவ்வட்டாரத்தில் மேலும் சுமார் 80 காசு வருமானம் உருவானதாக 1982-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. விவசாயிகள் கையில் பணம் புழங்கியதால் கடைகளும் போக்குவரத்தும் கட்டுமானத் தொழிலும் வளர்ந்தன.

ஆனால், எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் கிடைத்ததா? தொடக்கத்தில், இரு போகச் சாகுபடியால் நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் நடவு, அறுவடை வேலைகள் பெருகின. 1970-களின் பிற்பகுதியில் தனியார் கொண்டுவந்த அறுவடை இயந்திரங்கள் அவ்வேலைகளில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டன. 1978 முதல் 1980 வரை கெடா கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், ஏழைகளின் இழப்பை 1985-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சராசரி வருமானத்தைக் காட்டும் அட்டவணையில் இத்தகைய இழப்பு எளிதில் மறைந்துவிடும்.

ஆப்பிரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. சாட் நாட்டின் எண்ணெயைக் கேமரூன் கடற்கரைக்குக் கொண்டுசெல்லும் சுமார் 1,070 கிலோமீட்டர் குழாய்த் திட்டத்திற்கு 2000-ஆம் ஆண்டில் உலக வங்கி ஆதரவளித்தது. எண்ணெய் வருவாயின் பெரும்பகுதி கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளுக்குச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. குழாய் கட்டி முடிக்கப்பட்டது. 2003-இல் எண்ணெயும் பாய்ந்தது. ஆனால், நிபந்தனை முறையாகக் காக்கப்படாததால் 2008-இல் வங்கி தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. பொறியியல் நோக்கில் நிறைவேறிய திட்டம், மக்கள் நலன் நோக்கில் தவறிப்போனது.

ஆகவே, ஒரு திட்டத்தை மதிப்பிடுவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். திட்டமிட்டது கட்டப்பட்டதா? அதனால் வருமானம் உயர்ந்ததா? அவ்வருமானம் நலிந்தோரையும் சென்றடைந்ததா? முதற்கேள்விக்கு அணையைப் பார்த்தே விடை கூறிவிடலாம். மூன்றாம் கேள்விக்கோ, பல ஆண்டுகள் கழித்தும் கிராமத்திற்குச் சென்று, நிலமற்றவர்களிடமும் கேட்டறிய வேண்டும்.