ஊரில் பெற்றோர், பாலிஸி யார் விலாசத்தில்?

நம் சங்கத்து அங்கத்தினர்களிற் பெரும்பாலோர்க்குப் பிழைப்பு ஓரிடம், பெற்றோர் ஓரிடம். அறுபதைக் கடந்த தாய் தந்தையர்க்குத் தனியார் கம்பெனியில் வைத்திய இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, எத்தனை லட்சம், எவ்வளவு பிரீமியம் என்பனவற்றையே கேட்கிறோம். எந்த ஊரில் சிகிச்சை பெறப் போகிறார்கள் என்று கேட்பவர் சிலரே. முதியோர் விஷயத்தில் அதுவே முதற் கேள்வி என்பது என் எண்ணம்.

முன்னெல்லாம் 65 வயது தாண்டியவர்க்குப் புதிய பாலிஸி கிடைப்பது அரிது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளில் அந்த வயது வரம்பு இல்லை. முன்னரே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைந்தது. முதியோர் பிரீமியத்தை ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலவாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்திற்கு மேல் உயர்த்தலாகாதென 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிஸிகளின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீங்கிற்று. இவையெல்லாம் நல்லனவே. ஆனால் வயது வரம்பு நீங்கியதால் யாவரையும் கம்பெனி ஏற்றே தீரவேண்டும் என்பதன்று. உடல்நிலையைக் கண்டு மறுக்கவும் கூடும். அதற்கு அஞ்சி நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மறைப்போர் உளர். மறைத்தது வெளிப்பட்டால் பணம் தரவேண்டிய வேளையில் கம்பெனி கைவிரித்துவிடும்.

இனி, இடத்தைப் பற்றிய கேள்வி. பல கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துள்ளன. டில்லி, மும்பை போன்ற மாநகரங்களில் ஆஸ்பத்திரிச் செலவு மிகுதியாதலால் அங்கே பிரீமியமும் மிகுதி, சிற்றூர்களுக்குக் குறைவு. திருநெல்வேலிச் சீமையிலுள்ள கிராமத்து விலாசத்தில் மலிவாக ஒரு பாலிஸி எடுத்துவிட்டு, தந்தையை மும்பைக்கு அழைத்துவந்து இருதய சிகிச்சை செய்விக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வாறு மண்டலம் மாறினால், சில பாலிஸிகளில் பில்லில் ஒரு பங்கை நாமே செலுத்தவேண்டும். இதற்குக் கோ-பேமெண்ட் என்று பெயர். அப்பங்கு 20 சதவீதமாயின், 4 லட்ச ரூபாய் பில்லில் 80,000 ரூபாய் நம் தலையில் விழும். முதியோர்க்கென்றே விற்கப்படும் பாலிஸிகள் பலவற்றில் ஊர் எதுவாயினும் கோ-பேமெண்ட் உண்டு. முகவர் பேச்சில் இது கடைசியாகவே வரும். சில வேளை வராமலும் போகும்.

ஊரிலேயே வைத்தியம் பார்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. அரசாங்கத்தில் முறைப்படி பதிவு பெறாத மருத்துவமனையாயின், 10 லட்சத்திற்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகளும், இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும், ஆபரேஷன் அறையும் இருந்தாலன்றிப் பாலிஸியின் கணக்கில் அது ஆஸ்பத்திரியே ஆகாது. கைராசிக்காரர் என்று ஊரார் போற்றும் டாக்டரின் ஆறு படுக்கை நர்ஸிங் ஹோம் இதனால் விலகிப்போகலாம். ரொக்கமின்றிச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளோ பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலேயே உள்ளன. அல்லாத இடத்தில் முதலில் பணம் கட்டி, அசல் பில்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் சேர்த்தனுப்பிப் பின்னர்ப் பெறவேண்டும். எழுபது வயது மூதாட்டி தனியே செய்யக்கூடிய காரியமா இது?

மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும், டாக்டருக்குக் கொடுக்கும் பீஸுக்கும் சாதாரணப் பாலிஸி உதவாது. அதற்குத் தனியே பணம் ஒதுக்கவேண்டும்.

எழுபது நிரம்பியோர்க்கு மற்றொரு வழி உண்டு. 2024 அக்டோபர் 29 முதல், வருமானம் எதுவாயினும் அவர்களை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்; குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை. தனியார் பாலிஸி வைத்திருப்போரும் சேரலாம். திட்டத்தை ஏற்ற மாநிலங்களில், அதிற் சேர்ந்த ஆஸ்பத்திரி எதிலும் அந்த அட்டை செல்லும். ஆதாரில் உள்ள வயதே கணக்கு. ஆகவே ஊருக்குப் போகும்போது, அதிற் பிறந்த தேதி சரியாக உள்ளதா என்று முதலிற் பார்த்துவிடுங்கள். விவரம் கேட்க 14555 என்ற எண்ணை அழைக்கலாம்.